மசீராவில் மீந்த துணி

1

நான் எழுதுகிறவன் இல்லை, தைக்கிறவன். பத்தாவது வரைக்கும் படித்தேன். முடித்தேன் என்று போட்டால் அந்தக் காலத்தில் என்னோடு சேலையூரில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதனால் படித்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் ராஜகீழ்ப்பாக்கம் தெருச் சங்கத்தின் ஆண்டு மலரில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுத ஒரு பகுதி இருக்கிறதாம். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் பதிலே போடவில்லை என்று சங்கத் தலைவர் பார்த்தசாரதி சார் போனில் வருத்தப்பட்டார். "கடைசியில நீதான் சவரி கெடைச்சே" என்றார். இதைவிடப் பெரிய தகுதி எனக்கு இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துணியாக இருந்தால் பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பேன்.

என்ன எழுதுவது என்று ஒரு மாதம் யோசித்தேன். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் செய்தபோது மகள் ஜெனி எடுத்தாள். இப்போது பதின்மூன்று வயது.

"அப்பா, முன்னாடி ரூம்ல கறுப்பு ஸ்க்ரீன் தொங்குமே, அதை வெட்டிட்டேன்."

"எதுக்கும்மா?"

"கிறிஸ்மஸ் டிராமாக்கு. சாத்தானுக்கு டிரஸ்."

"சாத்தான் யாரு?"

"நான்தான்."

டிரஸ்ஸுக்குக் கை எப்படி வைத்துத் தைத்தாய் என்று கேட்டேன். அதுதானே முதலில் வாயில் வரும். "தைக்கலப்பா, ஸ்டேப்ளர் அடிச்சிட்டேன்" என்றாள். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. தீவில் காற்று கூடினால் அப்படித்தான்.

தையல்காரன் மகள் ஸ்டேப்ளர் அடிக்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் திரை போய்விட்டதுதான் மனசில் நின்றது. அந்தத் திரையால் நம் தெரு ஒரு கார்த்திகை மாதம் பட்ட பாடு பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

2

நான் இருக்கும் இடத்துக்கு மசீரா என்று பெயர். மஸ்கட்டா என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன், பேச்சு சீக்கிரம் முடியும் என்பதால். உண்மையில் மஸ்கட்டிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பாலைவனத்தில் வந்து, கடற்கரையில் படகுக்காகக் காத்திருந்து, கடல் மட்டம் ஏறினால் படகில் ஏறி, ஏறாவிட்டால் அங்கேயே படுத்து, அப்புறம் வந்து சேரும் ஒரு தீவு. ஓமான் நாட்டில் அது தனி மாகாணம் மாதிரி. வாலி என்று ஓர் அதிகாரி உண்டு. ஊர் என்று சொன்னால் ஒன்றுதான். மீன், ஆமை, ஆடு, காற்று. காற்று என்றால் நம் ஊர் மாடியில் வீசுவது இல்லை. கடைக்கு வருகிறவர் கதவைத் திறந்தால் நான் அளவு எழுதிய தாள் அவரைத் தாண்டிப் போய்விடும். எல்லாவற்றின் மேலும் ஒரு கல் வைப்போம். ஊருக்கு லீவில் வந்தாலும் நான் பேப்பர் படித்து முடித்தால் மேலே டம்ளரை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இவ்வளவு சின்ன இடத்தை எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் விமானத் தளம் போட்டு நெடுநாள் வைத்திருந்தான். அவன் போனபின் தளம் சுல்தானுடையது. அமெரிக்காக்காரன் வந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டு போவான். பார்த்தசாரதி சார் அட்லஸில் தேடிப் பார்த்துவிட்டு, "ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கு, இதுக்கா இத்தனை பேர் அடிச்சுக்கிறான்?" என்று கேட்டார். "விமானம் ஓடி நிக்கிற அளவு இருந்தா போதும் சார்" என்றேன்.

எனக்குத் தெரிந்த சரித்திரம் எல்லாம் சட்டையில் தைக்கும் சின்னங்கள்தான். என் கடை தளத்தின் வாசலுக்கு வெளியே. ஒருவன் சின்னத்தைப் பிரிப்பேன், இன்னொருவன் சின்னத்தைத் தைப்பேன். பல சமயம் சட்டை அதே சட்டையாக இருக்கும். உள்ளே போக ஒரு பாஸ் உண்டு. அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். என் காது தெரிகிற காதுதான். ஆனால் அந்தக் குமாஸ்தாவிடம் அதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு முறையும் முடி வெட்டிக்கொண்டு போவேன்.

3

குவைத்தைப் பக்கத்து நாடு பிடித்துக்கொண்டு, பெரிய சண்டை வரும் என்று எல்லோரும் பேசிய வருடம். அந்தக் கார்த்திகையில் லீவு கிடைத்து ராஜகீழ்ப்பாக்கம் வந்தேன். ஜெனிக்கு அப்போது ஐந்து வயது.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. முந்திய லீவில் அவள் மடியில் இருந்த பிள்ளை. ஆனால் அவளுக்கு ஓர் அப்பா இருந்தார். டேப் ரிக்கார்டரில். மாதம் ஒரு கேசட் பேசி அனுப்புவேன், ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில். சும்மா இருக்கும் மெஷினைப் பார்த்து எனக்குப் பேச வராது, கூச்சம். அதனால் கடையில் தைத்துக்கொண்டே பேசுவேன். மிதி மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் "ஜெனிக்குட்டி சாப்பிட்டியா" என்று கேட்பேன்.

வீட்டுக்கு வந்து நேரில் "ஜெனிக்குட்டி சாப்பிட்டியா" என்று கேட்டதும் பிள்ளை என் மனைவி லில்லியின் பின்னால் போய் ஒளிந்தது.

"அப்பாதாண்டி, பேசுறாரு பாரு" என்று லில்லி முன்னால் தள்ளினாள்.

"இவரு இல்ல. அப்பா உள்ள இருக்காரு" என்று ஜெனி டேப் ரிக்கார்டரைக் காட்டினாள்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. சாக்லேட்டை வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டேப்பில் இருக்கும் அப்பாவிடம் காட்டுவாள். லில்லிக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான் வந்தது, எல்லோரும் இருக்கும்போது.

அப்புறம் ஒரு மத்தியானம். முன் அறை மேற்கு பார்த்தது, வெயில் நேராகப் படுக்கையில் விழும், பிள்ளை தூங்க முடியாமல் புரண்டாள். பெட்டியில் நல்ல கனத்த கறுப்புத் துணி கொண்டு வந்திருந்தேன். தீவில் ஒரு வேலையில் மீந்தது, முதலாளி எடுத்துக்கொள் என்றார். லில்லியின் பழைய மெஷினில் உட்கார்ந்து ஜன்னலுக்குத் திரை தைக்க ஆரம்பித்தேன். பழக்கத்தில் வாய் தானாக, "ஜெனிக்குட்டி சாப்பிட்டியா" என்றது.

பிள்ளை எழுந்து வந்துவிட்டாள். மெஷின் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள், மிதியைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டேம்ப்பா" என்றாள்.

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் போய்விடுவாளோ என்று பயம். துணியில்லாமல் கொஞ்ச தூரம் வெறும் ஊசி ஓடியது.

4

திரையை மாட்டியதும் லில்லி, "இன்னாங்க இது, கேதம் விழுந்த வூடு மாதிரி" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் ‘என்ன’ ‘இன்னா’ ஆகிவிடும். நல்ல துணி, வெயில் ஒரு சொட்டு வராது என்றேன். அத்தோடு விட்டாள்.

தெரு விடவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குத் தாம்பரம் விமானப் படைத் தளம் பக்கத்து வீடு மாதிரி. எழுபத்தொன்றில் சண்டை வந்தபோது ஜன்னலில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய ஞாபகம் பெரியவர்களுக்கு இருந்தது. வெளிச்சம் வெளியே தெரிந்தால் குண்டு விழும் என்று விளக்கை மூடி வைத்து உட்கார்ந்திருந்தவர்கள். இப்போது நான் வளைகுடாவிலிருந்து வந்திருக்கிறேன், விமானத் தளத்தில் வேலை, வந்த வாரத்திலேயே ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுகிறேன். வேறு யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

முதலில் எதிர் வீட்டு பார்த்தசாரதி சார் வந்தார். அப்போது ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"சவரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஒரு ஜன்னலுக்கு எத்தனை மீட்டர்? அதை மட்டும் சொல்லு."

"சார், இது வெயிலுக்கு."

"சரி சரி. வெயிலுக்கு." என் தோளைத் தட்டினார். "உன்கிட்ட கையெழுத்து வாங்கியிருப்பான், எனக்குத் தெரியாதா? நானும் கவர்மென்ட் சர்வீஸ்தானே."

"நெசமாவே வெயிலுக்குத்தான் சார்."

"அப்படியே மெயின்டெய்ன் பண்ணு" என்று போய்விட்டார்.

மறுநாள் அவர் வீட்டிலிருந்து கறுப்புத் துணி வந்தது. அடுத்து பக்கத்து வீடு. அப்புறம் தெருமுனை வரை. யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. கூச்சம் மட்டும் காரணம் என்றால் பொய். மெஷின் ஓடும் வரைக்கும் ஜெனி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நூல் எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கிள்ளிய பையனைப் பற்றி முழுக்கச் சொன்னாள். தெரு முழுக்க ஜன்னல் இருந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதுவரை தெருவில் யார் வீட்டிலும் எனக்கு அவ்வளவு பேச்சு கிடையாது. இப்போது ஒவ்வொரு வீட்டின் ஜன்னல் அகலமும் எனக்கு மனப்பாடம்.

ஆனால் நான் ஒவ்வொரு திரை தைக்கத் தைக்க, சண்டை வருவது உறுதி ஆகிக்கொண்டே போயிற்று. தாம்பரம் கடைத்தெருவில் கறுப்புத் துணி தீர்ந்துவிட்டது. ஐயப்பனுக்கு மாலை போடுகிற சமயம். கறுப்பு வேட்டியைக்கூட விடாமல் நம் தெருக்காரர்கள் வாங்கி வந்துவிட்டார்கள். சபரிமலை போக வேண்டிய ஒருவர், கடையில் வேட்டி இல்லை என்றதும், நேராக நம் தெருவுக்கு வந்து, "சாமி, உங்க ஜன்னல்ல தொங்குறது என் வேட்டி சாமி" என்று பார்த்தசாரதி சார் வீட்டு வாசலில் நின்றார். சாரும் பதிலுக்கு அவரைச் சாமி சாமி என்றே சண்டை போட்டார். அடிக்காமல் பிரிந்தார்கள்.

பால் கொடுக்கும் கன்னியம்மா என்னிடம் தனியாக வந்து கேட்டாள்.

"ஏண்ணா, வூட்டுக்கு திரை போட்டாச்சு. எருமைய இன்னா பண்றது? வெளியில கட்டிக்கினு கீறேன்."

"அதுக்கு ஒண்ணும் வேணாம்மா."

"கறுப்பாத்தான் கீது. அதே போதுமா?"

போதும் என்றேன். வேறு என்ன சொல்ல? அன்று முதல் எருமைக்கும் ஆபத்து உண்டு, ஆனால் நிறத்தால் தப்பிக்கும் என்று தெருவில் பேச்சு.

இதற்கு நடுவில் என் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. பெட்டியில்தான் வைத்தேன். லில்லியிடம் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, எங்கே இருக்கிறது என்று இல்லை, யார் எடுத்தது என்று.

5

திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அந்தத் தேதிக்குள் போகாவிட்டால் விசா போய்விடும். வீட்டு மாடிப்படி பாதியில் நின்றிருந்தது, மேலே ஏறினால் வானம்தான். தாம்பரத்தில் ரெடிமேட் கடைகள் வந்துவிட்டன, என் கையை நம்பி யாரும் காத்திருக்கவில்லை. இதெல்லாம் லில்லிக்கும் தெரியும். ஆனால் அவள் சாதம் போடும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்திய மத்தியானம். முன் அறையில் திரை மூடி இருட்டாக இருந்தது. நான் ஏதோ ஒரு வீட்டின் கடைசி ஜன்னலைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஜெனி காலடியில். லில்லி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இந்தத் துணி எப்படிங்க மீந்துச்சு?"

"முதல் கட்டுல திரை தைச்சது போக மீந்தது."

"எதுக்குத் திரை?"

"தளத்துல ஆளுங்க தூங்குற ரூமுக்கு."

"கறுப்பு எதுக்கு?"

"பகல்ல தூங்குறாங்க. வெளிச்சம் வரக் கூடாதுல்ல."

"பகல்ல ஏன் தூங்குறாங்க?"

"ராத்திரி வேலை."

"இத்தனை வருஷத்துல இதுக்கு முன்னாடி இப்படி தைச்சிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சின்னம் தைத்திருக்கிறேன், கால்சட்டைக்கு நீளம் குறைத்திருக்கிறேன், விளையாட்டு விழாவுக்குக் கொடி தைத்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை ஒன்றுகூட இல்லை. இந்த முறைதான் துணி விமானத்தில் கட்டுக் கட்டாக வந்தது. சீக்கிரம் வேண்டும் என்று அதிகாரி நேரில் வந்து சொன்னார். அவ்வளவு பேர் ராத்திரி முழுக்க விழித்திருந்து என்ன வேலை செய்வார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"இல்ல" என்றேன். மிதித்த கால் நின்றுவிட்டது. மெஷின் நின்றதும் ஜெனி எழுந்து போய்விட்டாள்.

"தெருவே கண்டுபிடிச்சிடுச்சு. தைச்ச உங்களுக்குத் தெரியலையா?"

"நான் அளவைத்தான் பார்த்தேன் லில்லி."

நான் என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இருட்டாக இருந்தது உதவியாக இருந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இங்க இருந்து இன்னா பண்றதுன்னும் பயமா இருக்கு."

"வேலை முடிஞ்சிடுச்சா அங்க?"

"பாதிதான். மீதி நான் போய்த்தான் தைக்கணும். அந்தக் கண்டிஷன்லதான் லீவு கொடுத்தாங்க."

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து, திரைக்கு அந்தப் பக்கம், கன்னியம்மா குரல் வந்தது. மத்தியானப் பால் கொண்டு வந்தவள் எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அப்போ அண்ணா போவலன்னா அவனுங்க தூங்க முடியாது!"

"கன்னியம்மா, நீ போ" என்றாள் லில்லி.

"இல்லக்கா, கேளு. பகல்ல தூங்கலன்னா ராத்திரி எப்புடி பிளேன் வுடுவான்? கண்ணு சொக்கி வுழுந்துடுவான். அண்ணா போவாம இங்கயே குந்திக்கினா சண்டையே நின்னுபூடும்! அமெரிக்காக்காரன் இன்னா பண்ணுவான்? நம்ம அண்ணா கையிலதான் எல்லாம் கீது!"

லில்லி முதலில் சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்த முடியவில்லை. பத்துப் பதினைந்து நாளாகச் சிரிக்காதது எல்லாம் சேர்ந்து வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே கன்னியம்மா, "சிரிக்காதக்கா, நான் சீரியஸா பேசிகினு கீறேன்" என்றாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் லில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எந்த இடத்தில் சிரிப்பிலிருந்து மாறியது என்று அந்த இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி டின் திறக்கும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டோடு வந்தாள். அதை உதறினாள், அரிசி தரையில் சிதறியது. என் கையில் வைத்தாள்.

"போங்க" என்றாள். "ஆனா மெதுவா தைங்க."

6

மெதுவாகத்தான் தைத்தேன். அவள் சொன்னதைத் தட்டவில்லை. ஒரு திரைக்கு இரண்டு மடிப்பு போதும் என்றால் மூன்று மடித்தேன். நேராக இருந்த தையலைப் பிரித்து மறுபடி நேராகத் தைத்தேன். அதிகாரி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். காற்று, நூல் அறுகிறது என்றேன். என் வாழ்க்கையில் வேலையில் ஏமாற்றியது அந்த ஒரு முறைதான்.

ஆனாலும் சண்டை வந்தது. தீவின் மேல் ஒன்றும் விழவில்லை. விமானங்கள் போயின, வந்தன, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ராஜகீழ்ப்பாக்கத்திலும் ஒன்றும் விழவில்லை. அதற்குத் திரைதான் காரணம் என்று பார்த்தசாரதி சார் இன்னும் சொல்கிறார். தைத்த கை உன் கை என்று அதையும் இந்த மலரில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

மற்ற வீட்டுத் திரைகள் அடுத்த வருடமே கழன்று எருமைக் கொட்டகைக்கும் குடைக்கும் போய்விட்டன. எங்கள் வீட்டில் மட்டும் லில்லி கழற்றவில்லை. நான் தீவில் இருக்கும் வரை இருக்கட்டும் என்றாளாம். இப்போது அதை ஜெனி போட்டுக்கொண்டு மேடையில் நிற்கப் போகிறாள், ஸ்டேப்ளர் பின்னோடு. வெட்டியதற்கு லில்லி திட்டினாளா என்று கேட்க மறந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்.

லில்லி பாஸ்போர்ட்டைக் கொடுத்த மறுநாள், மத்தியானம், மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய்க்கு விமானம் ஏறினேன். லில்லி வழியனுப்ப வந்தாள். ஜெனி வரவில்லை. வீட்டில் டேப் போட்டு அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.